நீட் மறுமுயற்சிக்கு நடுவே தொலைதூரத்தில் பொது சுகாதாரம் படிக்கலாமா?

மகள் இரண்டாவது முறை நீட் எழுதப்போகிறாள், வீட்டிலிருந்தபடியே பொது சுகாதாரப் படிப்பு ஒன்று முடித்தால் மருத்துவ சீட்டுக்கு உதவுமா என்று ஏற்காட்டிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்.

சீட்டுக்கு உதவாதுங்க அம்மா. எம்.பி.பி.எஸ். இடம் நீட் தரவரிசையையும் இட ஒதுக்கீட்டையும் மட்டும் பார்த்துத்தான் தரப்படுகிறது. சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரியானாலும் தனியார் கல்லூரியானாலும் வேறு சான்றிதழுக்கு ஒரு மதிப்பெண்கூடச் சேராது. "கவுன்சலிங்கில் வெயிட்டேஜ் உண்டு" என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். மகள் ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால், 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கான படிப்புச் சான்றுகளை இப்போதே பள்ளியில் வாங்கி வையுங்கள். அந்த அலைச்சலுக்குப் பலன் உண்டு.

நீட் பாடத்துக்கும் இது பெரிய துணை இல்லை. உயிரியலில் மனித நலனும் நோய்களும், இனப்பெருக்க நலன் ஆகிய இரண்டு பாடங்களைத்தான் தொட்டுச் செல்லும். பொது சுகாதாரத்துக்கு நெருக்கமான சுற்றுச்சூழல் பிரச்சினைகள் பாடம் 2024-லேயே நீக்கப்பட்டுவிட்டது.

அப்படியானால் எதற்குப் படிப்பது? எம்.பி.பி.எஸ். சேர்ந்தபின் சமூக மருத்துவம் என்ற பாடம் காத்திருக்கிறது. முதலாண்டிலேயே கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்து, அவர்கள் உடல்நிலையைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். பல மாணவர்கள் திணறுவது நோயின் பெயரில் அல்ல, எண்ணிக்கையில். ஒரு மலைக்கிராமத்தில் 600 பேர், அதில் 12 பேருக்கு ஏற்கெனவே சர்க்கரை நோய் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 2 பேர் என்பது ப்ரிவலன்ஸ், அதாவது இப்போது நோய் உள்ளவர்களின் பங்கு. அடுத்த ஓராண்டில் புதிதாக 3 பேருக்கு வந்தால், அந்த 3-ஐ 600-ஆல் வகுக்கக் கூடாது. நோய் வராதிருந்த 588 பேரால் வகுக்க வேண்டும். ஆயிரத்துக்குச் சுமார் 5 என வரும், அது இன்சிடென்ஸ், அதாவது புதிதாக நோய் வரும் வேகம். இதைப் புரிந்துகொண்ட பெண், செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையின் புகையையோ சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கழிவுநீரையோ பார்க்கும்போது, எத்தனை பேர், எவ்வளவு காலம், யாரோடு ஒப்பிட என்று கேட்கத் தொடங்குவாள். மருத்துவராகப் போகிறவருக்கு அந்தப் பழக்கம் மிகவும் மதிப்பானது.

இதற்குப் பட்டமோ டிப்ளமோவோ தேவையில்லை. ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் (NPTEL) என்ற ஆன்லைன் பாடத் தளத்தில், சென்னையிலுள்ள ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் 'ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ்' போன்ற 8 வாரப் படிப்பு போதும். பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் ஒரு படிப்புக்கு 1000 ரூபாய் கட்டணம். வாராந்தர அசைன்மென்டுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண். முன்னதில் 10-ம் பின்னதில் 30-ம் தனித்தனியாக எடுத்தால்தான் சான்றிதழ். எட்டு அசைன்மென்டில் சிறந்த ஆறு கணக்கில் வரும். இரண்டு தவறினால் பாதகமில்லை, மூன்றாவதும் தவறினால் பூஜ்யம் சேர்ந்து சராசரியைக் கீழே இழுக்கும். கெடு முடிந்தால் அசைன்மென்ட் மூடிவிடும். மலையில் சிக்னல் நம்பகமில்லை என்பதால் கெடு நாள்வரை காத்திருக்காமல், சேலம் இறங்கும் நாளில் வீடியோக்களைப் பதிவிறக்கி எடுத்துவரச் சொல்லுங்கள். ஆய்வுக்கு எத்தனை பேர் தேவை என்று பார்க்கும் சாம்பிள் சைஸ் கணக்கு ப்ளஸ் டூ முடித்தவருக்குக் கடினம்தான், அங்கேயே நின்றுவிடாமல் மேலே போகட்டும்.

முக்கியமானது காலம். ஜனவரிப் பருவத்தில் சேரவே வேண்டாம். அதன் தேர்வு மார்ச் அல்லது ஏப்ரலில் வரும், மே மாதம் நீட். கடைசி ரிவிஷனை இழந்தால் 720-இல் போகும் மதிப்பெண்ணை எந்தச் சான்றிதழும் ஈடுகட்டாது. ஜூலைப் பருவம் சரி, வாரம் நாலைந்து மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கக் கூடாது. மாதிரித் தேர்வில் மதிப்பெண் இறங்கத் தொடங்கினால் தயங்காமல் நிறுத்திவிடலாம்.

தொலைதூரப் பட்டத்தில் மட்டும் சேர்க்காதீர்கள். ஊட்டச்சத்து, உளவியல், மைக்ரோபயாலஜி போன்ற சுகாதாரம் சார்ந்த பட்டங்களைத் தொலைதூரத்திலும் ஆன்லைனிலும் நடத்த 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் யு.ஜி.சி. தடை விதித்திருக்கிறது. எம்.பி.எச். என்பது பொது சுகாதாரத்தில் முதுகலைப் பட்டம், இளநிலைப் பட்டம் இல்லாமல் சேர முடியாது. அரசு சுகாதார ஆய்வாளர் வேலைக்கும் ப்ளஸ் டூ-வுக்குப் பின் நேரில் படிக்கும் இரண்டாண்டுப் படிப்பைத்தான் கேட்பார்கள், ஆன்லைன் சான்றிதழ் செல்லாது. மருத்துவம் கிடைக்காமல் போய், அவருக்குப் பொது சுகாதாரத்தில் உண்மையிலேயே ஆர்வம் இருந்தால், கல்லூரிக்குப் போய் ஒரு இளநிலைப் பட்டம், அதன்பின் எம்.பி.எச். என்பதே உறுதியான பாதை.

பதிவு செய்யும்போது பெயரைக் கவனியுங்கள். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகவும் மதிப்பெண் பட்டியலில் இனிஷியலாகவும் இருப்பது நம் பக்கம் சகஜம். பதிவில் கொடுக்கும் பெயரே சான்றிதழில் அச்சாகும் என்பதால் மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி கொடுங்கள், நீட் விண்ணப்பத்திலும் அதையே. ஆதாரில் திருத்தம் தேவைப்பட்டால் முன்கூட்டியே செய்துவிடுங்கள்.

பாடத்தில் சேர்வதும் தேர்வுக்குப் பதிவதும் தனித்தனி. முதல் இரண்டு வாரப் பாடத்தை மகள் பார்க்கட்டும். பிடித்திருந்தால் மட்டும், கடைசித் தேதிக்குள் அந்த 1000 ரூபாயைக் கட்டுங்கள்.