திரும்பியோரா, வந்தோரா?

கேள்வி: என் தாத்தாவும் பாட்டியும் இலங்கையிலிருந்து 'தாயகம் திரும்பியோர்'. நான் பிறந்து வளர்ந்தது கோத்தகிரி. இப்போது கோவையில் வேலை. ஆபீசில் 'சிலோன்காரன்' என்றுதான் சொல்கிறார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போனால் இரண்டு நாள் நன்றாக இருக்கிறது, அப்புறம் மறுபடி அதே நினைப்பு. எங்கேயும் ஒட்ட முடியவில்லை. நான் எந்த ஊர்க்காரன்?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன்னால் இந்தத் 'திரும்பியோர்' என்ற சொல்லை ஒரு கை பார்க்க வேண்டும். கடைக்குப் போனவர் திரும்புவார். மேயப் போன மாடு திரும்பும். இலங்கை மலைநாட்டில் பண்டாரவளைப் பக்கம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான ஒரு லயத்தில் பிறந்து, முப்பது வயதுவரை கடலையே பார்க்காத பெண் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினால், அவர் எப்படித் திரும்பியவர் ஆவார்? புதுக்கோட்டையிலிருந்தோ திருச்சிப் பக்கமிருந்தோ தோட்ட வேலைக்கு ஆள் பிடித்த கங்காணி பின்னால் போனது அவருடைய பூட்டன். போனவர் ஒருவர், திரும்பியதாகக் காகிதத்தில் ஏறியவர் வேறொருவர். அவர் வந்தவர். வந்தவரை வந்தவர் என்றே எழுதியிருக்கலாம்.

1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இப்படித் தோட்ட வேலைக்குப் போனவர்களின் வம்சத்தில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் இல்லாதவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களும் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். கணக்கில் இருந்தவர்கள் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974-இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் பாத்திரத்தைக்கூட நாம் இப்படிப் பிரிப்பதில்லை. அண்டா யாருக்கு, குத்துவிளக்கு யாருக்கு என்று வீட்டுப் பெண்களை ஒரு வார்த்தை கேட்போம்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பழைய சண்டை ஞாபகம் இருக்கும். 'அகதி என்றாலும் தாயகம் திரும்பியோர் என்றாலும் ஒன்றுதானே, சார்' என்று ஒருவர் எழுத, நான் நாலு இதழ் மல்லுக்கட்டினேன். இன்றும் சொல்கிறேன், ஒன்றல்ல. உங்கள் தாத்தா இந்தியக் குடிமகனாகப் பாஸ்போர்ட்டோடு வந்தவர். 1983-க்குப் பிறகு உயிர் பிழைக்க ஓடி வந்தவர்களின் கதை வேறு, அவர்கள் இன்றும் படும் பாடு வேறு. இரண்டையும் கலந்து பேசினால் இரண்டு பேருக்கும் அநியாயம்.

சில வருடம் முன்பு கோத்தகிரி பக்கம் ஒரு காலனிக்குப் போயிருந்தேன். ஒரு பாட்டி தகரப் பெட்டியைத் திறந்து, கண்டியில் கொடுத்த குடும்ப அட்டையை எடுத்துக் காட்டினார். பாலித்தீன் பையில் மூன்று சுற்றுச் சுற்றி வைத்திருந்தார். அதில் ஒரே போட்டோவில் மொத்தக் குடும்பமும் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்புறம் சாயத்தண்ணி வந்தது. பால் கிடையாது, கொஞ்சம் இஞ்சி. சீனியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு நக்கு, ஒரு மடக்கு. (நகரத்து டீக்கடைகளில் தூளைப் பாலோடு போட்டுக் கொதிக்கவிட்டுச் சாகடிக்கிறார்களே, அதைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுத வேண்டும். தேயிலையின் வாசம் அந்த வீட்டில்தான் எனக்குத் தெரிந்தது.) வெளியே மழை பிடித்துக்கொண்டது. பாட்டி கதவைப் பார்த்தபடி, "ஊர்லயும் இந்நேரம் மழதான்" என்றார். எந்த ஊர் என்று நான் விழிக்க, மகள் சொன்னார்: "அம்மாவுக்கு ஊருன்னா பண்டாரவளைதாங்க."

அந்த மகளுக்கு ஊர் கோத்தகிரி. ஒரே வீட்டில், ஒரே மழைக்கு இரண்டு ஊர். இரண்டும் நிஜம்.

வந்தவர்களில் பலர் முதலில் பூட்டன் ஊருக்குத்தான் போனார்கள். அங்கே காணி இல்லை, சொந்தபந்தத்துக்கு அடையாளம் தெரியவில்லை. கொழுந்து கிள்ளிய விரலுக்கு வேறு வேலையும் தெரியாது. நீலகிரியில் 1968-இல் இவர்களுக்காகவே அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள். கோத்தகிரி, குன்னூர், சேரம்பாடி என்று மலை ஏறியவர்கள் காடாகக் கிடந்த சரிவில் கன்று நட்டார்கள். இன்று நாம் பார்க்கும் பச்சையில் அவர்கள் கை இருக்கிறது. இதற்கு மேல் ஒரு ஊரில் என்ன பாத்தியதை வேண்டும்?

சரி, உங்கள் கேள்வி. அதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். 'தீபாவளிக்கு ஊருக்குப் போனால்' என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த பஸ் ஏறினீர்கள்? மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரி பஸ்தானே? யோசிக்காமல் எழுதிய இடத்தில் பேனா சரியாகச் சொல்லிவிட்டது. ஆபீசில் யாராவது 'சிலோன்காரன்' என்றால் "கோத்தகிரி" என்று மட்டும் சொல்லுங்கள். தாத்தா கதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. அதற்கும் கேட்கவில்லை என்றால் இந்த இதழை அவர் மேசையில் வையுங்கள்.

பாட்டி இருக்கிறாரா? அடுத்த முறை போகும்போது அவருடைய தோட்டம் எது, டிவிஷன் எது, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டில் பேர் கூப்பிட்ட கங்காணி யார் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். இங்கே போடுகிறேன்.