புதுச்சேரியில் கடலோர வீடு: அட்வான்ஸ் கொடுக்கும் முன்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். தசரா லீவுக்கு நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என ஐந்து பேர் புதுச்சேரி போகிறோம். ஓட்டலில் இரண்டு ரூம் போடுவதைவிட, அடுப்படியோடு ஒரு அபார்ட்மெண்ட் எடுத்தால் மாமியாருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கலாம். ‘கடல் பார்த்த வீடு, பீச்சுக்கு இரண்டே நிமிடம்’ என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். நான்கு இரவுக்கு 22,000 ரூபாய். பாதிப் பணத்தை இன்றே ஜிபேயில் போடச் சொல்கிறார் வீட்டுக்காரர். போடலாமா?

பதில்: இன்று போடாதீர்கள். மூன்று விஷயம் எழுத்தில் வந்த பிறகு போடுங்கள்: முழு முகவரி, எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகை, ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்பது. வாட்ஸ்அப்பில் வந்தாலும் எழுத்துதான். போனில் சொன்ன சொல்லை நம்பி ஏமாந்தவர்கள் எனக்கு எழுதும் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போயிருக்கும்.

முகவரி ஏன் என்றால், ‘பாண்டி பீச்’ என்று விளம்பரம் செய்யும் பல வீடுகள் வடக்கே கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கம் இருக்கின்றன. அது விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. அங்கே தங்குவது தவறில்லை, அமைதியாகக்கூட இருக்கும். ஆனால் சாயங்காலம் மாமியாரைக் கைப்பிடித்துக் காந்தி சிலை வரை நடத்திக் கூட்டிப்போக நினைத்திருந்தால் அது நடக்காது. ஒவ்வொரு தடவையும் ஆட்டோ பிடிக்க வேண்டும். கடற்கரைச் சாலையில் மாலையானால் வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள். பிள்ளைகள் நடுரோட்டில் ஓடி விளையாடுவது அந்த ஊரின் பெரிய சுகம். பழைய கலங்கரை விளக்கமும் (1836-இல் ஏற்றியது) பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னமும் அந்த நடையிலேயே வந்துவிடும். நடக்கும் தூரம்தான் உங்களுக்கு முக்கியம் என்றால், பெரிய வாய்க்காலுக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள பிரெஞ்சுப் பகுதியிலோ, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் திண்ணையும் முற்றமும் வைத்த வீடுகள் இருக்கும் தமிழர் பகுதியிலோ தேடுங்கள். என்னைக் கேட்டால் வைசியாள் வீதிப் பக்கம் பாருங்கள் என்பேன். கடல் தெரியாது, ஆனால் கடலுக்கு நடந்தே போய்விடலாம்.

அடுத்தது மணல். கடற்கரைச் சாலை ஓரத்தில் பெரும்பாலும் கருங்கல் பாறைதான். வருஷத்தின் பெரும்பகுதி இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து போகும். துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய கல்சுவர் அதை மறித்ததால் வடக்குக் கரைக்கு மணல் வரத்துக் குறைந்து அரிப்பு வந்தது. நகரக் கரையையொட்டிக் கடலுக்கு அடியில் செயற்கைத் திட்டு போட்ட பிறகு ஓரிடத்தில் மணல் சேர்ந்திருக்கிறது. வடக்கே குப்பங்களின் பக்கம் சில இடங்களில் கல் கொட்டியிருக்கிறார்கள். அதனால் ஐந்து வருஷத்துக்கு முந்தைய போட்டோவில் இருக்கும் மணல் இப்போது அங்கே இருக்கும் என்று எண்ண வேண்டாம். இந்த வாரம் எடுத்த வீடியோவைக் கேளுங்கள். மணல் இருந்தாலும் பிள்ளைகளைக் கரையில் கால் நனைக்க விடுவதோடு நிறுத்துங்கள், இழுப்பு அதிகம்.

அதைவிட நல்லது வீடியோ கால். பால்கனிக் கதவைத் திறந்து வெளியே வந்து காட்டச் சொல்லுங்கள். பிறகு வீடியோவை நிறுத்தாமல் அப்படியே படி இறங்கி, தெருவுக்கு வந்து, கடல் வரை நடக்கட்டும். படிகளை எண்ணுங்கள், லிஃப்ட் ஓடுகிறதா என்று பாருங்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. சில வருஷம் முன்பு அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு கடலோர ஊருக்குப் போனேன். விளம்பரத்தில் லிஃப்ட் உண்டு என்று இருந்தது. போய்ப் பார்த்தால், லிஃப்ட் கதவில் பூட்டுத் தொங்கியது. வீடு மூன்றாவது மாடி. அம்மா சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறினார். அப்புறம் மூன்று நாளும் கீழே இறங்கவே இல்லை. அவ்வளவு தூரம் போய்க் கடலில் கால் வைக்காமல் திரும்பினோம். மாமியார் வருகிறார் என்று நீங்கள் எழுதியதும் எனக்கு அந்தப் படிக்கட்டுதான் ஞாபகம் வந்தது.

அதே வீடியோ காலில் அடுப்பைப் பற்றவைத்துக் காட்டச் சொல்லுங்கள். ‘கிச்சன் உண்டு’ என்பார்கள், போனால் ஒரு மின்கெட்டிலும் நாலு கப்பும் இருக்கும். சிலிண்டர், குக்கர், குடிதண்ணீர் கேன் யார் பொறுப்பு என்று கேளுங்கள். கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பாக இருக்க வாய்ப்பு உண்டு. ஏ.சி. எத்தனை அறையில் என்பதும் முக்கியம். பெங்களூரு குளிருக்குப் பழகிய உடம்புக்குப் பாண்டியின் புழுக்கம் முதல் இரவே தெரிந்துவிடும்.

இனி பணம். 22,000 என்றால் இரவுக்கு 5,500. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18. ஆக வரி போட்டாலும் உங்களுக்கு 23,100-க்கு மேல் வரக்கூடாது. யாராவது 12 அல்லது 18 போட்டால் கேள்வி கேளுங்கள். வீட்டுக்காரர் நேரடியாக ஜிஎஸ்டி வாங்கினால் பில்லில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். 34 என்றால் புதுச்சேரி, 33 என்றால் தமிழ்நாடு. முகவரியைச் சரிபார்க்க இது இன்னொரு வழி. கிளீனிங் சார்ஜ், கூடுதல் ஆள் சார்ஜ் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாக எழுதச் சொல்லுங்கள். முதலில் குறைந்த விலை காட்டிவிட்டுக் கடைசித் திரையில் கட்டணங்களை ஏற்றுவதும், ‘இன்னும் ஒரே வீடுதான் பாக்கி’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 தந்திரங்களில் சேர்ந்தவை.

விளம்பரம் ஒரு தளத்தில் இருந்தால் அந்தத் தளத்தின் வழியாகவே கட்டுங்கள். ‘வெளியே கட்டினால் ஆயிரம் குறைத்துத் தருகிறேன்’ என்பதை ஏற்றுக்கொண்டால், வீடே இல்லை என்று தெரியும் நாளில் தளம் கைவிரித்துவிடும். நேரடியாகத்தான் கட்ட வேண்டும் என்றால் யுபிஐயில் வரும் பெயரும் வீட்டுக்காரர் சொன்ன பெயரும் ஒன்றா என்று பாருங்கள். ஏமாந்ததாகத் தோன்றினால் அந்த நிமிடமே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு போன் அடியுங்கள். மணிக்கணக்கில் யோசித்தால் பணம் கைமாறிப் போய்விடும்.

ஒன்று மறந்துவிட்டேன். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் பிற்பாதியில் தொடங்கும். தசரா எந்தத் தேதியில் விழுகிறது என்று பார்த்து, புயல் வந்தால் பணம் திரும்புமா என்பதையும் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: கே.ஆர்.புரத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு புக்கிங் தளம் வழியாகக் கடலோர அபார்ட்மெண்டுக்கு 15,000 கட்டினேன். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது அவர்களே ரத்து செய்துவிட்டு, ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று 3,000 பிடித்துக்கொண்டார்கள். வழக்குப் போட அந்த ஊருக்குப் போக வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே, அதாவது பெங்களூரு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பழைய சட்டத்தில் இந்த வசதி கிடையாது.

முதலில் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போடுங்கள். மின்வணிக விதிப்படி 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதில் வர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு வர வேண்டும். அவர்களே ரத்து செய்துவிட்டு உங்களிடம் பிடிப்பதற்கு என்ன ஆதாரம் என்று அந்த மெயிலில் கேளுங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். பல தொகைகள் அந்தக் கட்டத்திலேயே திரும்பி வந்துவிடுகின்றன. வராவிட்டால் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கட்டிய ரசீது, ரத்து செய்தி, அவசரத்துக்கு வேறு ஓட்டல் எடுத்திருந்தால் அந்த பில், மூன்றையும் இன்றே ஒரு இடத்தில் சேமித்து வையுங்கள்.

கேள்வி: வீட்டைக் காலி செய்யும்போது ‘சோபாவில் கறை’ என்று 5,000 டெபாசிட்டைத் தர மறுத்தார்கள். கறை முன்பே இருந்தது.

பதில்: முன்பே இருந்ததைக் காட்டும் போட்டோ இருந்தால் உங்கள் பக்கம் பலம். இல்லாவிட்டால், கிளீனிங்குக்கு ஆன செலவின் பில்லைக் கேளுங்கள். கறைக்கு 600 ரூபாய் ஆகியிருந்தால் 600-தான் பிடிக்கலாம். அடுத்த முறை சாவி கைக்கு வந்ததும் பையைக் கீழே வைப்பதற்கு முன் வீடு முழுக்க ஒரு வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: புதுச்சேரி கூட்டமாக இருக்கும் என்று தரங்கம்பாடியில் அபார்ட்மெண்ட் தேடுகிறோம். கிடைக்குமா?

பதில்: அது சின்ன ஊர், தங்க இடம் குறைவு. கிடைத்த ஓட்டலில் ஒரு இரவு தங்குங்கள், அல்லது பக்கத்தில் காரைக்காலில் வீடு எடுத்துக்கொண்டு காலையில் போய் வாருங்கள். அப்படியும் டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டையையும் கடல் அரித்த மாசிலாமணி நாதர் கோயிலையும் அவசரமில்லாமல் பார்க்கலாம். வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள், கோட்டை முன்னால் திறந்தவெளி.