பதில்: சிம்ஸ் 4-ல் பாட்டி ஏன் விருந்தாளியைப் பார்த்தாலே விலகிப் போறாங்க?

வணக்கம் சகோ. குடியாத்தம் வீட்டையே சிம்ஸ் 4-ல (வீடு கட்டி, ஆளுங்களை உருவாக்கி, அவங்க வாழ்க்கையை நடத்தற வீடியோ கேம்) கட்டி எட்டு பேரையும் குடிவெச்சிருக்கீங்க, பார்க்கவே ஆசையா இருக்கு. விருந்தாளி வந்தா பாட்டி முகம் சுளிக்கிறாங்க, இது கேம்ல இருக்கற கோளாறா (bug), பாட்டியை அழிச்சிட்டு புதுசா செய்யணுமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டவே வேண்டாம். நீங்க போட்ட ஸ்க்ரீன்ஷாட்லயே விடை இருக்கு: அவங்களுக்குக் கொடுத்த மூணு குணத்துல ஒண்ணு 'லோனர்', அதாவது தனிமை விரும்பி.

இந்த கேம்ல குணம் பெரும்பாலும் நேரா கட்டளை போடாது. முதல்ல மனநிலையை மாத்தும், அந்த மனநிலைதான் அடுத்து என்ன செய்யறாங்கன்னு இழுத்துட்டுப் போகும். லோனர் தனியா இருந்தா சந்தோஷப்படுவாங்க, அறிமுகம் இல்லாதவங்க பக்கத்துல இருந்தா பதட்டமாயிடுவாங்க. நீங்க காட்பாடி சொந்தக்காரங்கன்னு நினைச்சுக் கூப்பிட்டவங்க பாட்டிக்கு முன்பின் தெரியாத ஆளுங்க. அதனால கூட்டமா கூப்பிடாதீங்க. ஒவ்வொருத்தரா வரவெச்சு, நீங்களே பாட்டியைப் பேசவெச்சுப் பழக்குங்க. பழகினவங்ககிட்ட அந்தப் பதட்டம் இருக்காது. பதட்டமா இருந்தா அறைக்கு அனுப்பிக் கொஞ்ச நேரம் தனியா விடுங்க, அங்க ஒரு புத்தக அலமாரி வைங்க.

மருமகள் ஓயாம துடைக்கறாங்கன்னும் சொல்லியிருந்தீங்க. அது 'நீட்' (Neat, சுத்தம் விரும்பற) குணம், அதுல தப்பே இல்ல.

குணத்தையே மாத்தணும்னா கேம்ல இருக்கற ரிவார்ட் ஸ்டோர்ல 'ரீ-ட்ரெய்ட்டிங் போஷன்'னு குணத்தை மாத்தற மருந்து இருக்கு, சாட்டிஸ்ஃபேக்‌ஷன் பாயின்ட் (கேம் ஆளுங்களோட ஆசை நிறைவேறினா கிடைக்கற புள்ளி) சேர்த்து வாங்கலாம். ஆனா என்னைக் கேட்டா பாட்டியை அப்படியே விடுங்க. எல்லாரும் கலகலன்னு பேசற வீட்டை விட, ஒதுங்கி இருக்கற ஒருத்தங்க உள்ள வீட்லதான் கதை நல்லா வரும். 'ஃபேமிலி-ஓரியன்டட்' (குடும்பப் பாசம்) குணத்தைப் பேத்திக்குக் கொடுத்துப் பாருங்க.