குளூட்டன் ஆகாதவர்களுக்கு எந்த வேலை ஒத்துவரும்? சீலியாக் உள்ளவர்களின் கேள்விகளும் பதில்களும்

அக்கா, கேட்டரிங் முடித்துவிட்டு பேக்கரியில் இருக்கிறேன். போன மாதம்தான் சீலியாக் என்று தெரிந்தது. மாஸ்க் போட்டுக்கொண்டு சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை தம்பி. கோதுமையிலும் மைதாவிலும் இருக்கும் குளூட்டன் என்கிற புரதம் உள்ளே போனால் குடலைக் கெடுக்கும் நோய்தான் சீலியாக். மைதாவைத் தொடுவதால் ஒன்றும் ஆகாது, வாய்க்குள் போனால்தான் வம்பு. ஆனால் பேக்கரியில் மாவு காற்றிலேயே மிதக்கும். சலித்து முடித்தவுடன் கண்ணாடியைப் பாருங்கள், இமை முடியெல்லாம் வெள்ளையாக இருக்கும். மூக்கில் ஏறுவதில் ஒரு பங்கு தொண்டை வழியாக வயிற்றுக்குத்தான் போகும். ஷிப்ட் முழுக்க மாஸ்க்கைக் கழற்றாமல் இருப்பவரை நான் பார்த்ததில்லை.

ஹோட்டல் கிச்சனுக்கு மாறினாலும் ருசி பார்க்காமல் சமைக்க முடியாது. படிப்பு வீணாகாது, கவலைப்படாதீர்கள். கொள்முதல், பார்ட்டி ஹால் புக்கிங், ரிசப்ஷன் எல்லாம் இதே படிப்புக்குக் கிடைக்கும். சமையல்தான் வேண்டுமென்றால் முறுக்கு, அதிரசம் என்று அரிசிப் பலகாரம் மட்டும் போடுகிற இடமாகத் தேடுங்கள்.

ஆபீஸ் கேன்டீனில் சாதமும் சாம்பாரும்தான் சாப்பிடுகிறேன் மேடம். அப்படியும் வயிறு சரியாகவில்லையே?

பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். அது சாம்பார், ரசம், மோர் என்று எல்லாவற்றிலும் விழுகிறது. அப்புறம், பரோட்டா போட்ட கல்லில் தோசை, சமோசா பொரித்த எண்ணெயில் வடை. குளூட்டன் இல்லாத உணவு என்று விற்க நம் நாட்டு விதி அனுமதிப்பது கிலோவுக்கு 20 மில்லிகிராம் குளூட்டன்தான். இதைக் கேன்டீன்காரரிடம் விளக்கி ஜெயித்தவர் யாரும் இல்லை. டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு போங்கள்.

ஐ.டி. வேலை. சென்னையிலிருந்து குர்கானுக்கு மாற்றல். சப்பாத்தி ஊருக்குப் போகலாமா?

தாராளமாக. தெற்கைவிட வடக்கில் இந்த நோய் அதிகம், அதனால் அங்கே டாக்டர்களுக்கும் பழக்கம் அதிகம். மெஸ் சாப்பாட்டோடு வரும் பி.ஜி. மட்டும் வேண்டாம். சொந்தமாக அடுப்பு வைக்க இடமிருக்கும் வீடாகப் பாருங்கள்.

இன்டர்வியூவிலேயே சொல்லிவிட வேண்டுமா?

வேலைக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்றால் எதற்கு? ஆர்டர் கைக்கு வந்தபின் எச்.ஆரிடம் சொன்னால் போதும். கப்பல், சைட் கேம்ப் மாதிரி அவர்கள் போடுவதைத்தான் சாப்பிட வேண்டும் என்கிற இடமானால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் சீலியாக் இல்லை. அதனால் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது, முறையாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

எல்.கே.ஜி. டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. அதில் என்ன ஆபத்து இருக்கப்போகிறது?

பிள்ளைகள் பிசைந்து விளையாடும் கலர் மாவில் கோதுமை இருக்கலாம், பிளே-டோ என்ற பிராண்டில் இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சானிடைசர் கிருமியைக் கொல்லும், மாவை எடுக்காது. நகக்கண்ணையும் பாருங்கள்.