மண்மேட்டில் குதிக்க எந்த பி.எம்.எக்ஸ் சைக்கிள்?

கேள்வி: என் உயரம் 5 அடி 8 அங்குலம். எல்லாமே 20 அங்குலச் சக்கரம்தானே, அப்புறம் இதில் என்ன சைஸ் பார்ப்பது?

சக்கரத்தை விடுங்கள், டாப் டியூப் நீளத்தைப் பாருங்கள். சீட்டுப் பக்கத்திலிருந்து ஹேண்டில் பக்கம் ஓடும் மேல் குழாய்தான் அது. உங்களுக்கு 20.75 அங்குலம் சரியாக வரும், கை நீளம் என்றால் 21. அதோடு பின்பகுதி நீளத்தையும் கேளுங்கள், அதாவது பெடல் மாட்டும் தண்டான கிராங்க் சுழலும் நடுவிலிருந்து பின்சக்கர அச்சு வரை. தெருவில் வித்தை காட்டுகிறவர்கள் 13 அங்குலத்தை ஒட்டி வைத்துக்கொள்வார்கள், முன்சக்கரம் சட்டென்று எழும்பும். அதே குணம்தான், வேகமாக வந்து மேட்டில் ஏறும்போது உங்களைப் பின்பக்கம் தள்ளப் பார்க்கும். மண்ணுக்கு 13.75 அல்லது 14 இருந்தால் வண்டி நிதானமாகப் பறக்கும். ஹெட் ஆங்கிளும், அதாவது ஹேண்டில் செருகும் குழாயின் சாய்வும், 74, 74.5 டிகிரி போதும், 75.5 எல்லாம் தெரு வண்டிக்கு.

கேள்வி: பையனுக்கு 14 வயது. க்ரோமோலி கலப்பு ஸ்டீல் என்றால் விலை எகிறுகிறது, சாதா ஸ்டீல் வாங்கினால் உடைந்துவிடுமா?

முதல் நாளே உடையாது. ஆனால் ஹை-டென்சைல் எனப்படும் அந்தச் சாதா ஸ்டீலில் அதே வலு வேண்டுமென்றால் குழாயைத் தடிமனாகப் போட வேண்டும், வண்டி கனத்துவிடும், கனத்த வண்டியைத் தூக்கிக் குதிக்கப் பழகுவது பையனுக்குத்தான் கஷ்டம். முழு க்ரோமோலிக்குக் கை எட்டவில்லையா, ஃப்ரேமின் முன்பக்க முக்கோணம், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க், கிராங்க் ஆகிய மூன்றுமாவது 4130 ரக க்ரோமோலியாக இருக்கட்டும். பின்சக்கரத்தில் இரட்டைச் சுவர் ரிம், 36 ஸ்போக்ஸ், சக்கர நடுவில் சீல்டு பேரிங் ஹப். பெயிண்டுக்கும் ஸ்டிக்கருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: பிரேக்கே இல்லாமல் ஓட்டுகிறார்களே, நானும் கழற்றிவிடலாமா?

வேண்டாம். பின்பிரேக் இருக்கட்டும், முன்பிரேக் தேவையில்லை. வேகத்தைக் குறைக்க மட்டுமல்ல: காற்றில் முன்சக்கரம் அளவுக்கு மேல் தூக்கிவிட்டால் பின்பிரேக்கை ஒரு பிடி பிடியுங்கள், சுழலும் சக்கரம் நின்றதும் அந்தச் சுழற்சி வண்டிக்கு மாறி மூக்கு கீழே இறங்கும். என்னை இது பல தடவை காப்பாற்றியிருக்கிறது, ஒரு தடவை மறந்து போய் முதுகில் விழுந்தும் இருக்கிறேன்.

கேள்வி: ஃப்ரீகோஸ்டர் ஹப் நல்லதா?

வண்டி பின்னால் உருளும்போது பெடல் கூடவே சுற்றாத ஹப் அது. மண்ணுக்கு வேண்டாம், வழக்கமான கேசட் ஹப் போதும். ஃப்ரீகோஸ்டரில் பெடல் பிடிக்கும் முன் கொஞ்சம் வெறுமனே சுற்றும், இரண்டு மேடுகளுக்கு நடுவில் அவசரமாக ஒரு மிதி மிதிக்க நினைக்கும்போது அது கடுப்பேற்றும்.

கேள்வி: பழைய வண்டி ஒன்று மலிவாக வருகிறது. எதைச் சோதிப்பது?

ஹேண்டிலுக்குக் கீழே கீழ்க்குழாய் தொடங்கும் இடத்தில், அடிப்பக்கம், விரலை ஓட்டுங்கள். சுருக்கம் மாதிரி தட்டுப்பட்டால் எங்கோ பலமாக முட்டிய வண்டி, விலை எவ்வளவு இறங்கினாலும் தொடாதீர்கள். வெல்டிங் ஓரங்களில் பெயிண்ட் கோடு போல வெடித்திருக்கிறதா பாருங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஃபோர்க் பின்னால் வளைந்திருக்கக் கூடாது. கிராங்கைப் பிடித்து ஆட்டுங்கள். டயர், செயின், பெடல் தேய்ந்திருந்தால் கவலையில்லை, மாற்றிக்கொள்ளலாம், அதைச் சொல்லியே பேரம் பேசலாம்.

கேள்வி: வயது 38. இனிமேல் பி.எம்.எக்ஸ் சரிப்படுமா?

சரிப்படும், ஆனால் 26 அங்குலச் சக்கரமும் முன்னால் 100 மில்லிமீட்டர் சஸ்பென்ஷனும் உள்ள டர்ட் ஜம்ப் சைக்கிளையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். இறங்குவதில் கொஞ்சம் பிசகினாலும் அது பொறுத்துக்கொள்ளும், பி.எம்.எக்ஸ் உங்கள் மணிக்கட்டில் கணக்குத் தீர்க்கும்.

கேள்வி: டயரில் காற்று எவ்வளவு?

2.25 முதல் 2.4 அங்குல டயருக்கு 45, 50 பி.எஸ்.ஐ.யில் ஆரம்பியுங்கள். மண் இறுகிக் கிடந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள், பொலபொலவென்று இருந்தால் இறக்குங்கள்.