அச்சும் அசலும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். உங்கள் கட்டுரைகளைச் சில வருஷங்களாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் 22 வருஷமாக வேலை பார்க்கிறேன். ஒரே மகள். ஓ நிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தும், கலைக் கல்லூரியில்தான் சேருவேன் என்று அடம்பிடித்துச் சேர்ந்தாள். சரி, நன்றாக வரைவாள், அனிமேஷன் மாதிரி ஏதாவது வேலைக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். இப்போது இரண்டாம் ஆண்டில், கோட்டோவியமும் ப்ரிண்ட்மேக்கிங் என்கிற அச்சுக்கலையும்தான் என் வழி என்கிறாள்.

போன மாதம் அவர்கள் கண்காட்சிக்குப் போனேன். ஒரே படத்தைப் பல தாள்களில் அடித்து, ஒவ்வொன்றுக்கும் விலை போட்டிருந்தார்கள். “மூணு வருஷம் படிச்சு போட்டோகாப்பி எடுக்கவா?” என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் அவள் சரியாகப் பேசுவதில்லை. அவள் எனக்குக் கொடுத்த ஒரு படத்தின் கீழே பென்சிலில் ஏ/பி என்று இருக்கிறது. ஆசிரியர் போட்ட மதிப்பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. இப்போது போய்க் கேட்கவும் முடியவில்லை. சுருட்டி அலமாரி மேல் வைத்திருக்கிறேன். இதை வைத்துக்கொண்டு ஒரு பெண் சிங்கப்பூரில் பிழைக்க முடியுமா அக்கா?

பெயர் வேண்டாம்,
உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த ‘போட்டோகாப்பி’யைப் பார்த்துவிடுவோம். பேச்சு நின்றது அதனால்தானே.

போட்டோகாப்பி எடுக்க ஒரு மூலம் வேண்டும். மூலத்தைக் கண்ணாடி மேல் வைக்கிறோம், பிரதி வருகிறது. உங்கள் மகள் செய்வதில் அப்படி ஒரு மூலம் கிடையாது. அவள் தாளில் வரைந்துவிட்டு அதைப் பெருக்கவில்லை. வரைந்தது தகட்டில், அதுவும் இடவலம் மாற்றி. அந்தத் தகட்டை யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை, அது படமும் இல்லை. மை ஏறி, தாளில் இறங்கும் நேரத்தில்தான் படம் பிறக்கிறது. 10 தாளில் இறங்கினால் பத்தும் அசல்தான். “பொண்ணு அச்சு அசலா அப்பா மாதிரி” என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். நம் பேச்சில் அச்சும் அசலும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

உலோகத்தோடு 22 வருஷம் இருந்தவர் நீங்கள். உங்களுக்கு இது மற்றவர்களைவிடச் சுலபமாகப் புரியும். செம்பு அல்லது துத்தநாகத் தகடு. அதன் மேல் அமிலம் தாக்காத ஒரு மெழுகுப் பூச்சு. பூச்சை ஊசியால் கீறி வரைய வேண்டும். தகட்டை அரிக்கும் கரைசலில் இறக்கினால் கீறிய இடம் மட்டும் அரிபடும். அதிக நேரம் விட்டால் கோடு ஆழமாகும், அச்சில் கறுப்பு கூடும். பூச்சைக் கழுவிவிட்டு, மையை முழுத் தகட்டிலும் தேய்த்து, பிறகு துடைக்க வேண்டும். குழிகளில் உள்ள மை மட்டும் மிஞ்ச வேண்டும்.

இந்தத் துடைப்பை நான் ஒரு பட்டறையில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். விறைப்பான சல்லாத்துணியைப் பந்தாகச் சுருட்டி வட்ட வட்டமாகத் துடைத்தார் ஒரு பெண். துணியை மூன்று முறை மாற்றினார். கடைசித் துடைப்புக்குத் துணி கிடையாது. உள்ளங்கையின் விளிம்பில் சீமைச் சுண்ணாம்புப் பொடியைத் தொட்டுக்கொண்டு, தகட்டைத் தொட்டும் தொடாமலும் ஒரு வீச்சு. அந்தக் கை கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் படத்தில் வானம் வெளுத்துவிடும். கொஞ்சம் விட்டால் மழை இருட்டு நின்றுவிடும். அப்புறம் ஈரப்படுத்திய பருத்தித் தாளை மேலே வைத்து, அதன் மேல் கம்பளி விரித்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே சக்கரத்தைச் சுற்றி அனுப்பினார். தாளைத் தூக்கியபோது மை குழியிலிருந்து பிரிகிற சத்தம் மெல்லக் கேட்டது. ஒரு தாளுக்கு இவ்வளவு. அடுத்த தாளுக்கு மறுபடி முதலிலிருந்து.

தகடும் தேயும். அதனால்தான் இத்தனை தாள் என்று எண்ணி நிறுத்துவதும், பென்சிலில் எண் போடுவதும்.

சரி, பிழைப்புக்கு வருவோம். இதில் பெரிய கேள்வி திறமை இருக்கிறதா என்பதில்லை, இயந்திரம் எங்கே இருக்கிறது என்பது. சாயம் வைத்துப் படம் தீட்டுகிறவர் படிப்பு முடிந்தால் சாயப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். அச்சு செய்கிறவர் அப்படி வர முடியாது. நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள இயந்திரத்தையும் அமிலத் தொட்டியையும் நாலறை வீட்டில் எங்கே வைப்பது? பட்டம் வாங்கிய மறுநாளே இயந்திரம் கையை விட்டுப் போய்விடுகிறது. பாதியில் விட்டவர்கள் சிலரை எனக்குத் தெரியும். கை நன்றாக இருந்தவர்கள்தான். நின்று வேலை செய்ய இடம் கிடைக்கவில்லை. ஆக, “எவ்வளவு சம்பாதிப்பாய்?” என்று மகளிடம் கேட்காதீர்கள். “படிப்பு முடிந்ததும் எந்த இயந்திரத்தில் அச்சடிப்பாய்?” என்று கேளுங்கள். அதற்கு அவளிடம் பதில் இருந்தால் பாதி கவலை போயிற்று.

இந்தக் கலையில் நிலைத்தவர்களின் வாழ்க்கையைப் பாருங்கள், ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியை ஒவ்வொரு விதமாகத் தீர்த்திருப்பார்கள். 1966இல் ஆறு ஓவியர்கள் இங்கே சிங்கப்பூரில் மரச்செதுக்குப் படங்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தினார்கள். மரச்செதுக்குக்கு இயந்திரம் கட்டாயமில்லை. பலகையும் உளியும் மையும் இருந்தால் போதும், கரண்டியின் முதுகால் தேய்த்தே அச்சு எடுக்கலாம். அந்த அறுவரில் ஒருவரான லிம் யூ குவான், 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீயில் எரிந்த தீயை அதே 1966இல் மரத்தில் செதுக்கினார். ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்த தீ அது. கரிக்கட்டையாகிப்போன ஒரு இடத்தைச் சொல்ல மரத்தையும் கறுப்பு மையையும்விடப் பொருத்தமான பொருள் வேறு கிடைக்குமா என்று நான் யோசித்ததுண்டு.

உங்கள் மகளுக்கு நான் முதலில் சொல்ல விரும்பும் பெயர் செங் சியோக் டின். 1946இல் பிறந்த சிங்கப்பூர்ப் பெண். நன்யாங் நுண்கலைக் கழகத்தில் படித்தார், பிறகு இங்கிலாந்தில், அதற்கும் பிறகு அமெரிக்காவில் நியூ மெக்சிகோவிலும் அயோவாவிலும். ஊர் திரும்பும்போது வயது நாற்பதை நெருங்கியிருந்தது. 20 வயதில் இருக்கும் பெண்ணிடம் “இன்னும் ஒரு நிலைக்கு வரலையே” என்று அவசரப்படும் நமக்காகவே இந்தக் கணக்கைச் சொல்கிறேன். திரும்பியவர் இங்கே லசால் கலைக் கல்லூரியில் அச்சுக்கலை கற்பித்தார். இயந்திரம் இருக்கும் இடமும் மாதச் சம்பளமும் ஒரே கூரையின் கீழ். அச்சு செய்கிறவர்களில் பலர் ஆசிரியராக இருப்பதற்கு இதுதான் காரணம். கலை கைகொடுக்காததால் ஆசிரியரானார் என்று நம்மவர்கள் பேசுவது எனக்குக் கோபம் வரவழைக்கும்.

1988இல் அவருடைய பார்வையின் பெரும்பகுதி போய்விட்டது. கோட்டையே நம்பி வாழ்ந்தவருக்குக் கண் போனால் என்ன மிஞ்சும்? அவர் நிறுத்தவில்லை. அச்சு செய்தார், சிற்பத்துக்குப் போனார், சீனத்தில் புத்தகங்கள் எழுதினார். 2005இல் அவருக்குக் கலாசாரப் பதக்கம் கிடைத்தது, கலைஞர்களுக்குச் சிங்கப்பூர் தரும் உயரிய விருது அது. 2019இல் மறைந்தார். பார்வை போன பிறகு மட்டும் 31 வருஷம் வேலை செய்திருக்கிறார் தம்பி. இதை எப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். பார்க்கிற கலையாக மட்டும் இருந்திருந்தால் 1988இலேயே முடிந்திருக்கும். தகட்டில் விழுந்த கீறலை விரல் அறியும், தாளில் பதிந்த விளிம்பை விரல் அறியும்.

நம் மொழிக்காரர் ஒருவரையும் சொல்கிறேன். ஆர்.எம். பழனியப்பன். 1957இல் தேவகோட்டையில் பிறந்தவர். கோட்டோவியமும் அச்சும்தான் அவருடைய இரு கைகள். வானத்தில் ஒரு பொருள் கடந்துபோன தடம் மாதிரி ஓடும் அவருடைய கோடுகள். சென்னையில், இந்தியாவின் தேசிய நுண்கலை அமைப்பான லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் நீண்ட காலம் பணியாற்றினார். அங்கேயும் அதே கதைதான், உத்தியோகம் இயந்திரத்துக்குப் பக்கத்தில். கல்லில் வரைந்து அச்செடுக்கும் கல்லச்சைக் கற்க அவர் போனது நியூ மெக்சிகோவில் உள்ள டாமரிண்ட் பட்டறைக்கு. தமிழில் சொன்னால் புளி. அமெரிக்காவில் கல்லச்சு அழிந்துகொண்டிருந்த நேரத்தில் ஜூன் வெய்ன் என்ற பெண் 1960இல் லாஸ் ஏஞ்சலீஸில் தொடங்கி, பின்னால் நியூ மெக்சிகோவுக்கு இடம் மாறிய பட்டறை அது. அங்கே ஆரம்பத்தில் தொழில் பழகியவர்களில் ஒருவர் கென்னத் டைலர். அவர் பெயரில்தான் நம் ராபர்ட்சன் கீயில், ஆற்றோரத்துப் பழைய கிடங்கில், 2002இல் சிங்கப்பூர் டைலர் ப்ரிண்ட் இன்ஸ்டிடியூட் திறந்தது. இப்போது எஸ்டிபிஐ. டைலரின் நியூயார்க் பட்டறை இயந்திரங்கள் இங்கே வந்து சேர்ந்தன. தேவகோட்டைக்காரரும் ராபர்ட்சன் கீயும் ஒரே புளியமரத்தடியில் சந்திக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

எஸ்டிபிஐயில் பட்டறையும், தாள் செய்யும் ஆலையும், காட்சிக்கூடமும் ஒன்றாக இருக்கின்றன. பல நாட்டு ஓவியர்கள் வந்து தங்கி வேலை செய்வார்கள். அவர்களோடு கைகோத்து அச்செடுப்பவர்கள் அங்கே வேலை செய்யும் அச்சுக் கலைஞர்களும் தாள் செய்பவர்களும். அதுவும் ஒரு தொழில்தான். இடங்கள் குறைவு, அதை மறைக்கவில்லை.

பணம் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். படம் விற்று மட்டும் வாடகை கட்டுவது கடினம். ஓர் அச்சுப் படத்தின் விலை பொதுவாக அதே ஓவியரின் கேன்வாஸ் ஓவியத்தைவிடக் குறைவு. வாங்குகிறவர்கள் பெருகுவதும் அதனால்தான். முதல் பத்து வருஷம் பள்ளிகளில் வகுப்பு, வார இறுதியில் பயிற்சி, புத்தகங்களுக்குப் படம், தேசிய கலைகள் மன்றத்தின் மானியத்துக்கு விண்ணப்பம் என்று துண்டு துண்டாகத்தான் வருமானம் வரும். சில மாதம் வராது. அவளுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, அந்த மாதங்களில் “நான் அப்பவே சொன்னேன்” என்று சொல்லாமல் இருப்பது. கோட்டோவியத்துக்குச் செலவு இல்லை. பென்சிலும் தாளும் இருந்தால் எம்ஆர்டி ரயிலில்கூட வரையலாம். இயந்திரம் கிடைக்காத மாதங்களில் அவளைக் காப்பாற்றப்போவது அதுதான், அதனால் இரவு ஒரு மணிக்கு உட்கார்ந்து வரைந்தால் விளக்கை அணைக்கச் சொல்லாதீர்கள். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லினோ, அதாவது மரத்தைவிட மென்மையான லினோலியத் துண்டு, செதுக்கவும் முடியும். கூட்டுவதற்குத் துகள் நிறைய இருக்கும், அவ்வளவுதான்.

அந்த ஏ/பி மதிப்பெண் இல்லை தம்பி. ஆர்ட்டிஸ்ட்ஸ் ப்ரூஃப். விற்பதற்கென்று எண் போட்ட தாள்களில் சேராமல், செய்தவர் தனக்கென்று எடுத்துவைத்துக்கொள்ளும் தாள். எத்தனை எண் போட்டாலும் இது சில தாள்தான் இருக்கும். அதைத்தான் உங்களிடம் கொடுத்திருக்கிறாள்.

இன்றே அலமாரி மேலிருந்து இறக்குங்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, இரண்டு விளிம்பையும் பிடித்து மெதுவாக விரியுங்கள். மேலே சுத்தமான வெள்ளைத் தாள் போட்டு, கனமான புத்தகங்களை வைத்து நாலு நாள் விடுங்கள், சுருள் போய்விடும். பிரேம் கடைக்காரரிடம் கண்ணாடி தாளைத் தொடாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள், அமிலமில்லாத அட்டை கேளுங்கள். ஜன்னல் வெயில் விழும் சுவரில் மாட்ட வேண்டாம்.

இன்னொன்று. அச்சுக்குப் போகும் தகட்டின் நாலு விளிம்பையும் சாய்வாக ராவிவிட வேண்டும், இல்லாவிட்டால் கூர்முனை தாளையும் கம்பளியையும் கிழித்துவிடும். மாணவர்களுக்குச் சலிப்பான வேலை, பலருக்கு விளிம்பு ஒரே மாதிரி வராது. அரம் பிடித்துப் பழகிய கை உங்களுடையது. அடுத்த தகட்டை அவள் வீட்டுக்கு எடுத்து வரும்போது, “குடும்மா, நான் ராவித் தரேன்” என்று கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
அக்கா