பேசப்படாத போட்டி

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் எழுத்தைப் பல ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். கடிதம் எழுதுவது இதுவே முதல்முறை. எழுதப்போவது மிகச் சிறிய விஷயம் என்பதால் தயக்கமாக இருக்கிறது.

என் மகளின் வகுப்புத் தோழிகளுடைய அம்மாக்கள் எட்டுப் பேர் மாதம் ஒருமுறை சந்திக்கிறோம். எல்லோரும் நல்லவர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நான் மருத்துவமனையில் இருந்தபோது என் மகளை முறைவைத்துத் தங்கள் வீடுகளில் பார்த்துக்கொண்டவர்கள். ஆனால் எங்களில் ஒருவர் புதிய கைப்பையுடன் வந்து அமரும்போது பேச்சு ஒரு கணம் தடைப்படும். யாரும் விலை கேட்க மாட்டார்கள். "நிறம் நன்றாக இருக்கிறது" என்று யாராவது சொல்வார்கள், அவ்வளவுதான். அடுத்த சந்திப்பில் இன்னொருவரின் பை மாறியிருக்கும்.

சென்ற ஆண்டு நானும் ஒன்று வாங்கினேன். என் சம்பளத்தில், தவணைமுறையில். கணவரிடம் பாதி விலைதான் சொன்னேன். அதை எடுத்துக்கொண்டு போன முதல் நாள் எனக்கு ஏற்பட்டது பெருமை அல்ல, நிம்மதி. அதை நினைத்தால் இன்று வெட்கமாக இருக்கிறது. அன்றே ஒருவர் என் பையின் பூட்டைச் சற்று அதிக நேரம் பார்த்தார். அசலா போலியா என்று பார்க்கிறார் என்று புரிந்தது. அடுத்த மாதம் வேறொருவர் பெயரோ எழுத்தோ இல்லாத, பார்வைக்கு மிகச் சாதாரணமான ஒரு பையுடன் வந்தார். அது என்னுடையதைவிடப் பல மடங்கு விலை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

உண்மையான விலை தெரியவந்தபோது கணவர் கோபப்படவில்லை, சிரித்தார். "பெண்களின் புத்தியே இப்படித்தான், ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி" என்றார். அவர் சொல்வது உண்மையா? எனக்கு ஏன் இது தேவைப்பட்டது? இந்தப் பையை விற்றுவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

முதலில் உங்கள் கணவரின் சிரிப்பைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அது தவறு. தன்னைச் சுற்றியிருப்பவர்களிடையே தன் இடம் எது என்று அறியத் துடிப்பது மனிதர் எல்லோருக்கும் உள்ளது. ஆண்களும் அதைக் காலம் காலமாகச் செய்துவருகிறார்கள். ஐரோப்பிய அரசவைகளில் சரிகையும் பொய்முடியும் உயர்ந்த குதிகால் காலணியும் அணிந்து ஒருவரை ஒருவர் அளந்தவர்கள் ஆண்கள். இன்று அது காராக, கைக்கடிகாரமாக, பதவிப்பெயராக இருக்கிறது. அதை யாரும் 'ஆண்புத்தி' என்று சொல்வதில்லை. முன்னேற்றம், லட்சியம் என்கிறார்கள். அதே தவிப்பு ஒரு பெண்ணிடம் தென்பட்டால் அற்பத்தனம் ஆகிவிடுகிறது. நீங்கள் பாதி விலையைச் சொன்னதற்குக் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன். அந்தச் சிரிப்பு வரும் என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

ஆனால் ஏன் கைப்பை? இதற்கு ஒரு வரலாறு உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்கள் தங்கள் பொருட்களைப் பாவாடைக்கு உள்ளே இடுப்பில் கட்டிய துணிப்பைகளில் வைத்திருந்தார்கள். யார் கண்ணிலும் அது படாது. அந்த நூற்றாண்டின் இறுதியில் உடலை ஒட்டிய மெல்லிய ஆடைகள் வந்தபோது உள்ளே பை கட்ட இடமில்லாமல் போனது. 'ரெட்டிக்யூல்' என்ற சிறிய சுருக்குப் பை பெண்களின் கைக்கு வந்தது. ஆண்களின் மேலங்கியில் பைகள் உள்ளேயே தைக்கப்பட்டு அப்படியே நீடித்தன. ஆணின் பணமும் சாவியும் மறைந்தே இருக்க, பெண்ணுடையவை மட்டும் வெளியே வந்து பிறர் பார்வைக்குரிய பொருளாயின. இங்கிலாந்தில் மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்திருக்கும் முழு உரிமையை 1882ஆம் ஆண்டுச் சட்டம்தான் தந்தது. அதற்கு முந்தைய காலத்தில் ஒரு பெண் தன்னுடையது என்று கையில் பிடித்துக்கொண்டு நடந்த சிறிய இடம் அந்தப் பை. இன்றும் ஒரு பெண்ணின் பையைக் கேட்காமல் திறக்க நெருங்கியவர்களும் தயங்குவார்கள். அவ்வளவு அந்தரங்கமான ஒன்றையே ஊர் பார்க்கத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறோம். அதனால்தான் அந்தப் பார்வை அவ்வளவு ஆழமாகத் தைக்கிறது.

பகட்டு நுகர்வைப் பற்றி 1899இல் எழுதிய பொருளியல் அறிஞர் தார்ஸ்டீன் வெப்ளன், மனைவியின் உடையும் ஓய்வும் கணவனின் செல்வத்தை ஊருக்குக் காட்டுகின்றன என்றார். நீங்கள் உங்கள் சம்பளத்தில் வாங்கியிருக்கிறீர்கள். நூறாண்டுகளில் நிலைமை தலைகீழாகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். முழுவதும் மாறிவிடவில்லை. யாஜின் வாங், விளாடாஸ் கிறிஸ்கெவிசியஸ் என்ற இருவர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெண் விலையுயர்ந்த கைப்பையையும் நகையையும் அணிந்திருப்பதைப் பார்க்கும் மற்ற பெண்கள், அவளுடைய துணைவர் அவள்மீது மிகுந்த ஈடுபாடு உள்ளவர் என்று ஊகித்துக்கொள்வதைக் கண்டார்கள். ஆக, 'நான் உழைத்தேன்' என்று சொல்ல நீங்கள் வாங்கிய பையை, 'இவள் கணவன் இவளை எப்படி வைத்திருக்கிறான்' என்று ஒருவர் வாசித்திருக்கலாம். நீங்கள் யாரிடம் விலையை மறைத்தீர்களோ அவருக்கே அந்த மேசையில் நல்ல பெயர் கிடைத்திருக்கும். எனக்கு இது மிகவும் வருத்தமளிக்கிறது.

எழுத்தில்லாத பையைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது அதுதான். பிரெஞ்சு ஆடம்பரப் பை நிறுவனமான லூயி வித்தோனின் புகழ்பெற்ற எழுத்துக்கோலம், அதாவது L, V எழுத்துகளும் பூக்களும் கலந்த வடிவம், 1896இல் உருவானது. போலிகளைத் தடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. காலப்போக்கில் உலகில் மிக அதிகமாகப் போலி செய்யப்படும் கோலங்களுள் அதுவும் ஒன்றாகிவிட்டது. எல்லோரும் போட்டுவிடக்கூடிய அடையாளத்தை மேல்தட்டில் இருப்பவர்கள் விட்டு விலகுவார்கள். ஹான், நூனஸ், ட்ரேஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2010இல் ஆடம்பரக் கைப்பைகளின் விலைகளை ஒப்பிட்டபோது, பொதுவாக லோகோ எவ்வளவு உரக்கத் தெரிகிறதோ அவ்வளவு விலை குறைவாக இருப்பது தெரிந்தது. மிக விலையுயர்ந்தவை அடங்கிய தோற்றத்தில் இருந்தன. பொத்தேகா வெனெத்தா என்ற இத்தாலிய ஆடம்பரப் பை நிறுவனம் பின்னல் தோலை மட்டும் நம்பி, 'உங்கள் பெயரின் முதலெழுத்துகளே போதும்' என்ற பொருளில் விளம்பரமே செய்தது.

இதைப் பலர் எளிமை என்றும் ரசனை என்றும் புகழ்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பெரிய எழுத்துப் பொறித்த பையை வழியில் போகும் எவரும் வாசித்துவிடலாம். அதில் ஆர்ப்பாட்டம் உண்டு, ஆனால் ஒளிவுமறைவு இல்லை. எழுத்தில்லாத பையோ, தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியட்டும், மற்றவர்கள் தங்களுக்குத் தெரியவில்லை என்பதைக்கூட அறியாமல் இருக்கட்டும் என்று செய்யப்படுகிறது. அது பாடத்திட்டம் அறிவிக்கப்படாத தேர்வு. தையலின் இடைவெளி, பூட்டின் எடை, தோலின் மணம் எல்லாவற்றையும் படித்து வைத்திருக்க வேண்டும். உங்கள் பூட்டைப் பார்த்த தோழியை நினைத்துப் பாருங்கள். அந்த அளவு பார்க்கத் தெரிந்திருக்கிறது என்றால் அவரும் எத்தனை இரவுகள் இதைப் படித்திருக்க வேண்டும்! அவர் உங்களை மதிப்பிட்டார் என்பதைவிட, அவரும் பயந்துபோயிருக்கிறார் என்பதே எனக்குத் தெரிகிறது.

இந்தப் பயத்தை வளர்த்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். 1980களில் ஒரு விமானப் பயணத்தில் நடிகை ஜேன் பர்கின், இளம் தாய்க்கு ஏற்ற பெரிய பை கிடைப்பதில்லை என்று அருகில் இருந்தவரிடம் குறைபட்டுக்கொண்டார். அவர் பிரெஞ்சு ஆடம்பர நிறுவனமான எர்மெஸின் அன்றைய தலைவர் ஜான் லூயி துய்மா. 1984இல் 'பர்கின்' பை அப்படித்தான் பிறந்தது. குழந்தையின் பொருட்களை அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடுவதற்காக ஒரு தாய் கேட்ட பை அது. இன்று பணத்தோடு கடைக்குள் நுழைந்து அதைக் கேட்டால் எளிதில் கிடைக்காது. அதே நிறுவனத்தின் வேறு பொருட்களை வாங்கினால்தான் பை காட்டப்படுகிறது என்று குற்றம்சாட்டி 2024இல் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் வாடிக்கையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அது பின்னர் தள்ளுபடியானது. சட்டப்படி தவறில்லை என்றாலும், பணம் கொடுக்க வந்தவரையே தகுதியை நிரூபிக்கக் காத்திருக்கவைக்கும் வியாபாரத்தை என்னால் மதிக்க முடியவில்லை. பர்கின் தன் பையில் ஒட்டுத்தாள்களை ஒட்டி, வாரில் நகவெட்டியைத் தொங்கவிட்டு, கண்டதையும் திணித்துப் பயன்படுத்தினார். அந்த முதல் பை 2025 ஜூலையில் பாரிஸ் ஏலத்தில் சுமார் 86 லட்சம் யூரோவுக்குப் போனது.

மறுமுனையையும் பாருங்கள். 2024இல் இத்தாலியின் மிலான் நீதிமன்றம், டியோர் என்ற பிரெஞ்சு ஆடம்பரக் குழுமத்தின் ஓர் உற்பத்திப் பிரிவை நீதிமன்ற மேற்பார்வையில் வைத்தது. அதற்குப் பை தைத்துக் கொடுத்த பட்டறைகளில் தொழிலாளர்கள் சுரண்டப்பட்டதாகப் புலனாய்வு சொன்னது. கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற ஒரு பைக்கு, தோல் போன்ற மூலப்பொருட்கள் நீங்கலாக, ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கப்பட்டது 53 யூரோ. மீதியில் பெரும்பகுதி உங்கள் மேசையில் பேச்சு தடைப்படும் அந்த ஒரு கணத்துக்கான விலை.

இனி நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வி. ஏன் தேவைப்பட்டது? பெருமை அல்ல, நிம்மதி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆபத்து விலகும்போதுதான் மனிதருக்கு நிம்மதி வரும். அந்த வட்டத்திலிருந்து மெல்ல நழுவிவிடுவோமோ என்று அஞ்சியிருக்கிறீர்கள். அந்த அச்சம் அற்பமானதே அல்ல. நோயில் விழுந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அந்த ஆட்கள் இவர்கள். அதனால் வெட்கப்படாதீர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் மருத்துவமனையில் இருந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு. பை வாங்கியது சென்ற ஆண்டு. அவர்கள் உங்கள் மகளுக்குச் சோறூட்டித் தூங்கவைத்தபோது உங்கள் தோளில் அந்தப் பை இல்லை.

எனக்குப் பைகளைவிட அந்த மேசையின் மௌனம்தான் கவலை தருகிறது. யாரும் விலை கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. எனவே மற்ற ஏழு பேரும் சிரமமில்லாமல் வாங்கியதாக ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். உங்களைப்போல் தவணை கட்டுபவர், கணவரிடம் பாதி சொன்னவர் அங்கே இன்னும் இருக்கலாம். முன்பு வந்துகொண்டிருந்து, இப்போது வேலை இருக்கிறது என்று சொல்லி நின்றுபோனவர் யாராவது உண்டா? இருந்தால் அவரை இந்த வாரமே அழைத்துப் பேசுங்கள். எட்டுப் பேர் முன்னால் எதையும் அறிவிக்க வேண்டாம். மிகவும் நெருங்கிய ஒருவரிடம் மட்டும், "தவணையில் வாங்கினேன், இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் பதிலுக்கு அவரும் ஒன்றைச் சொல்வார்.

விற்பதா வேண்டாமா என்பதைத் தண்டனையாக முடிவுசெய்யாதீர்கள். தவணை உங்களை நெருக்கினால் விற்றுவிடுங்கள். ஓரிரு மாதிரிகளைத் தவிரப் பெரும்பாலான பைகள் வாங்கிய விலைக்குப் போகாது, நாளாக ஆக இன்னும் குறையும். நெருக்கவில்லை என்றால், உங்களுக்கு அது உண்மையிலேயே பிடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிடித்திருந்தால் தினமும் எடுத்துப் போங்கள். அலுவலகத்துக்கு, மருந்துக்கடைக்கு, மகளின் தண்ணீர்ப் புட்டியையும் நோட்டுப்புத்தகத்தையும் போட்டுக்கொண்டு. கீறல் விழட்டும். உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்து அந்த மாதாந்திரச் சந்திப்புக்கு மட்டும் எடுப்பதாக இருந்தால், அதை வைத்திருக்க வேண்டாம்.

கணவரிடமும் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். விலையை மறைத்தது தவறு என்று நீங்கள் சொல்லுங்கள். சிரித்தது வலித்தது என்பதையும் சொல்லுங்கள். தன் நண்பர்கள் நடுவில் சமமாக நிற்பதற்காக அவர் எதையெல்லாம் வாங்கியிருக்கிறார் என்று, குற்றம்சாட்டும் குரலில் இல்லாமல், கேளுங்கள். அவரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். அதன்பிறகு மீதித் தவணை எத்தனை என்பதை இருவருமாகக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்.